டீச்சரிடம் கேளுங்க: பக்கத்து பெஞ்ச்ல யாரு?

பள்ளிக்கூடம் திறந்ததுலேந்து வர்ற கடிதங்கள்ல நெறைய ஒரே விஷயத்ததான் சுத்தி வருது. வேற பாஷை பேசற பிள்ளை, வேற சாப்பாடு கொண்டு வர்ற பிள்ளை, வேற சாதி, வேற மதம், காது சரியா கேக்காத பிள்ளை, இவங்கள எல்லாம் வகுப்புல எப்படி சேத்துக்கறதுன்னு டீச்சர்களும் கேக்கறாங்க, பெத்தவங்களும் கேக்கறாங்க. அதனால இந்த தடவ அத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். திருப்பூர்ல அரசு தொடக்கப்பள்ளில வேலை பாக்கறேன். என் ரெண்டாம் வகுப்புல பாதி பேர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவங்களோட பிள்ளைங்க, பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. உள்ளூர் பெற்றோர் வேற "இந்திக்கார பசங்களால எங்க புள்ளைங்க படிப்பு கெடுது"ன்னு வந்து நிக்கறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல.
- ஆசிரியை, திருப்பூர்

பதில்: இந்தி தெரியலையேங்கற கவலைய மொதல்ல விடுங்க. ஒடிசாலேந்து வந்த பிள்ளைக்கு இந்தி தெரிஞ்சிருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல, அது வீட்ல ஒடியா பேசும். பீகார் பிள்ளை பேசறது போஜ்புரியோ மைதிலியோ, ஜார்க்கண்ட்லேந்து வந்த பழங்குடி குடும்பம்னா சந்தாலியா கூட இருக்கும். நாம வடக்கேந்து வந்த எல்லாரையும் ஒரே பேர் வெச்சு கூப்பிட்டுட்டு அவங்களுக்குள்ள ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு புரியும்னு நெனச்சுக்கறோம், அந்த பிள்ளைங்க அங்கயும் தனியாதான் உக்காந்திருக்கும். அதனால அப்பா அம்மாவ கேட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டு பாஷை என்னன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கங்க. அப்படியே பேர எப்படி சொல்லணும்னும் அவங்க வாயாலயே சொல்ல வெச்சு எழுதுங்க, வாய்ல நுழையலன்னு பேர வெட்டி சுருக்கி கூப்பிடற பழக்கம் நம்ம ஸ்கூல்கள்ல ரொம்ப இருக்கு, அது வேண்டாம்.

அடுத்தது, பேசாம உக்காந்திருக்கற பிள்ளைய மந்தம்னு முடிவு கட்டிடாதீங்க. புது பாஷை காதுல விழுந்து விழுந்து வாய்க்கு வர மாசக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் அது கேட்டுக்கிட்டேதான் இருக்கு. "புக்க எடு, கதவ மூடு, ரெண்டு குச்சி குடு"ன்னு செஞ்சு காட்டி சொல்லுங்க, பாட்டு பாட வைங்க, பாட்டுல தப்பா சொன்னாலும் கூட்டத்தோட போயிடும்ங்கறதால பயம் இருக்காது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்ததுலேந்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிள்ளையோட படிப்பு நிலை பாத்துதான சொல்லித்தர்றீங்க, அது இந்த பிள்ளைங்களுக்கு ரொம்ப தோதான ஏற்பாடு, ஆனா ஒரு இடத்துல கவனமா இருங்க. தமிழ்ல அரும்புல இருக்கற பிள்ளைய கணக்குலயும் அரும்புல உக்கார வெச்சுடாதீங்க. அதுக்கு கழிக்க தெரியும், "கழித்தல்"ங்கற வார்த்ததான் தெரியாது. குச்சிய வெச்சு, புளியங்கொட்டைய வெச்சு தனியா சோதிச்சு பாருங்க, கணக்குல உங்க வகுப்புல முன்னாடி நிக்கறது யாருன்னு பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

ஏற்கனவே இந்தி எழுத்து படிச்சுட்டு வந்த பிள்ளைக்கு நம்ம எழுத்து வேற மாதிரி குழப்பும். அங்க க-வுக்கு நாலு எழுத்து இருக்கு, இங்க ஒண்ணுதான், அதையே பக்கத்துக்கு ஒரு மாதிரி, தங்கத்துக்கு ஒரு மாதிரி படிக்கறோம். அதனால தனி எழுத்தா சொல்லிக் குடுக்கறத விட முழு வார்த்தையா சொல்லி வாய்விட்டு படிக்க வைங்க.

கேரளால எர்ணாகுளம் மாவட்டத்துல 2017-ல ரோஷ்னின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, வேலைக்கு வந்த வெளிமாநில குடும்பங்களோட பிள்ளைங்களுக்காக. ஸ்கூல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தனி வகுப்பு, இந்தி பெங்காலி ஒடியா தெரிஞ்ச தன்னார்வலர்கள் கூட இருந்து பிள்ளையோட பாஷைல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மலையாளத்துக்கு கொண்டு வருவாங்க, காலை டிபனும் உண்டு. நமக்கு இங்க காலை உணவு திட்டம் ஏற்கனவே ஓடுது, பிள்ளைங்க சீக்கிரமே வந்துடறாங்க, அந்த நேரத்துல ஒரு அரை மணிய இதுக்குன்னு ஒதுக்கலாம். கம்பெனி லைன் வீடுகள்ல பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச ஒடியா பொண்ணு யாராவது கண்டிப்பா இருப்பா, பள்ளி மேலாண்மைக் குழுவுல சொல்லி அவங்கள வரச் சொல்லுங்க. அஞ்சாவது படிக்கற அக்காவ மொழிபெயர்க்க கூப்பிடறது தப்பில்ல, ஆனா நாள் பூரா கூப்பிடாதீங்க, அவளுக்கும் பாடம் இருக்கு.

தீபாவளி முடிஞ்ச கையோட சட் பூஜைக்கு, மார்ச்ல ஹோலிக்குன்னு குடும்பத்தோட ஊருக்கு போயிடுவாங்க, திரும்பி வர நாள் ஆகும். ரெண்டு வாரம் வரலன்னு பேர அடிச்சுடாதீங்க. டிசி கொண்டு வர லேட் ஆகுதுன்னு சேர்க்கைய மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 5-ம் பிரிவு சொல்லுது, இடம்பெயர்ந்த குடும்பத்து பிள்ளைங்கள சேத்துக்க வேண்டிய பொறுப்பும் 9-ம் பிரிவுல இருக்கு.

உள்ளூர் பெற்றோர் விஷயம். அவங்ககிட்ட கோவப்படாதீங்க, டீச்சரோட நேரம் நம்ம பிள்ளைக்கு கிடைக்காம போயிடுமோங்கற பயம் நியாயமான பயம். வகுப்புக்கு கூட்டிட்டு வந்து ஒரு நாள் உக்கார வைங்க. உள்ளூர் பிள்ளையும் வெளியூர் பிள்ளையும் ஜோடியா உக்காந்தா, சொல்லிக் குடுக்கற பிள்ளைக்கு அந்த பாடம் இன்னும் நல்லா பதியும், அத அவங்க கண்ணால பாக்கட்டும். இன்னொண்ணும் சொல்லுங்க. பொழப்பு தேடி பம்பாய்க்கு போன நம்ம ஊர் ஜனங்களோட பிள்ளைங்களுக்காக மும்பை மாநகராட்சி தமிழ் வழி பள்ளிக்கூடமே நடத்துது. நம்ம பிள்ளைங்களுக்கு இன்னொரு ஊரு செஞ்சதுதான் இது.

கேள்வி: டீச்சர், என் பையன் நாலாவது படிக்கறான், சென்னைல தனியார் ஸ்கூல். மதிய சாப்பாட்டுல நெத்திலி வறுவல் வெச்சேன், பக்கத்து பையன் மூக்க பொத்திக்கிட்டு எழுந்து போயிட்டானாம். மிஸ் இவன தனியா உக்காந்து சாப்பிடச் சொல்லிட்டாங்க. இப்போ முட்டை கூட வேண்டாங்கறான். ஸ்கூல்லேந்து அசைவம் கொண்டுவராதீங்கன்னு மெசேஜும் வந்திருக்கு.
- வாசகி, சென்னை

பதில்: எழுந்து போன பையன் மேல எனக்கு வருத்தம் இல்லம்மா, அவனுக்கு பழக்கமில்லாத வாசனை, அவ்வளவுதான். உங்க பையன தனியா உக்கார வெச்சதுதான் தப்பு. அந்த ஒரு நிமிஷத்துல வகுப்புல இருக்கற எல்லா பிள்ளைங்களுக்கும் யாரு வீட்டு சாப்பாடு மட்டம்னு டீச்சரே சொன்ன மாதிரி ஆயிடுச்சு.

நேரா போய் வகுப்பு டீச்சர பாருங்க, சண்டை வேண்டாம், "எம்பிள்ளை இப்போ முட்டை சாப்பிடவே கூச்சப்படறான் மிஸ்"னு மட்டும் சொல்லுங்க, நெறைய பேருக்கு தான் செஞ்சதோட பலன் என்னன்னு தெரியாமயே இருக்கும். வெயில் காலத்துல மீன் கெட்டுப்போகும்ங்கற காரணத்துக்காக சொல்றாங்கன்னா அது ஒத்துக்க வேண்டிய விஷயம், அப்போ அத காரணத்தோட எழுதட்டும். அசைவமே கூடாதுன்னா, சுண்டல் கொண்டு வர்ற பிள்ளையும் முட்டை கொண்டு வர்ற பிள்ளையும் ஒரே கட்டணம்தான கட்றாங்கன்னு பெற்றோர் கூட்டத்துல கேளுங்க, உங்கள மாதிரி வாய தொறக்காம இருக்கற அம்மாக்கள் இன்னும் பத்து பேர் அங்க இருப்பாங்க.

நம்ம சத்துணவுல இதுக்கு எவ்வளவு சுலபமா வழி பண்ணிருக்காங்க பாருங்க. சாப்பாட்டோட முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுவாங்க. யாரையும் எழுந்து போகச் சொல்றதில்ல. ஆனா அங்கயும் பிரச்சினையே இல்லன்னு சொல்லிட முடியாது. 2023 செப்டம்பர்ல கரூர் மாவட்டத்து கிராமம் ஒண்ணுல காலை உணவு சமைக்கறவங்க பட்டியலினத்தவங்கன்னு சில பெற்றோர் பிள்ளைங்கள சாப்பிட விடல. கலெக்டரே நேர்ல போய் அந்த அம்மா சமைச்சத உக்காந்து சாப்பிட்டார், சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்னும் சொன்னார். டீச்சருங்களுக்கு நான் சொல்றது இதுதான், வாரத்துல ரெண்டு நாளாவது உங்க டிபன் பாக்ஸ தூக்கிக்கிட்டு பிள்ளைங்க வரிசைல போய் உக்காருங்க.

கேள்வி: ஐயா/அம்மா, எங்க ஊரு திருநெல்வேலி பக்கம். மவன் ஒம்பதாம் வகுப்பு. கையில கலர் கயிறு கட்டிருக்கான், கேட்டா எல்லாரும் கட்றாங்கன்னு சொல்லுதான். அது சாமி கயிறு இல்லன்னு எனக்கு தெரியும். அடிச்சு கழட்டவா, விட்றவா?
- ஒரு தகப்பன்

பதில்: அண்ணாச்சி, அது சாதிக் கயிறு, விட்றாதீங்க, அடிக்கவும் செய்யாதீங்க.

நாங்குநேரில 2023 ஆகஸ்ட் 9-ம் தேதி ராத்திரி நடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பன்னெண்டாவது படிக்கற பட்டியலினத்து பையன், கூட படிக்கற பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்த பையன் ஆஸ்பத்திரில கெடந்து எழுந்து அடுத்த வருஷம் பொதுத்தேர்வுல 600-க்கு 469 வாங்கினான். அந்த வீட்டு நெலமைய ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க, அப்படியே வெட்டின பசங்க வீட்டு நெலமையையும் நெனச்சுப் பாருங்க, அவங்களும் பள்ளிக்கூடத்து பிள்ளைங்கதான். அதுக்கப்புறம்தான் அரசாங்கம் நீதிபதி சந்துருவ வெச்சு ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தார். கலர் கயிறு, மோதிரம், நெத்தி அடையாளம்னு சாதிய காட்டற எதுவும் மாணவங்களுக்கு கூடாது, பள்ளிக்கூடத்து பேர்ல சாதி இருக்கக் கூடாதுன்னு எல்லாம் அதுல இருக்கு. கயிற தடுக்கச் சொல்லி 2019-லயே பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருந்தார், அது கிடப்புல போயிடுச்சு. அப்பவே செஞ்சிருக்கணும்னு எனக்கு இன்னமும் ஆத்தாமைதான்.

மவன்கிட்ட தனியா, வண்டில கூட்டிட்டு போற நேரத்துல கேளுங்க: "இத கழட்டினா என்ன ஆகும்?" அவன் சொல்ற பதில்ல ரெண்டு விதம் இருக்கும். கழட்டினா நம்ம பசங்களே அடிப்பாங்க, கூட சேத்துக்க மாட்டாங்கன்னா அது பயம், அதுக்கு நீங்க ஹெட்மாஸ்டர பாக்கணும், பஸ்ல யாரு பக்கத்துல உக்காரறான், ஸ்கூல் கேட்டுக்கு வெளிய கயிறு குடுக்கற பெரிய பசங்க யாருன்னு விசாரிக்கணும், அவன் பேரு வெளிய வராம. பெருமைக்கு கட்டிருக்கேன்னு சொன்னான்னா அந்த பெருமைய எங்க கத்துக்கிட்டான்னு யோசிங்க. உங்க போன்ல ஸ்டேட்டஸ் என்ன வெச்சிருக்கீங்க, வீட்டு கல்யாண பிளக்ஸ்ல என்ன போட்டீங்க, குருபூஜைக்கு பைக்ல கொடி கட்டிக்கிட்டு போறப்போ பையன பின்னாடி உக்கார வெச்சீங்களா? கடுமையா கேக்கறேன்னு நெனைக்காதீங்க, கயிற பாத்ததுமே எழுதிக் கேக்கணும்னு தோணின தகப்பன் நீங்க, அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.

டீச்சருங்களும் இத படிப்பீங்க. ஸ்காலர்ஷிப்புக்குன்னு "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க"ன்னு வகுப்புல சொல்றது இன்னமும் நடக்குது. ஒரு பிள்ளையோட சாதிய அம்பது பேர் முன்னாடி சொல்ல உங்களுக்கு யாரும் அதிகாரம் குடுக்கல. ஆபீஸ்க்கு கூப்பிட்டு பேசுங்க, இல்ல பெத்தவங்களுக்கு போன் பண்ணுங்க. யாராவது ஆபத்துல இருக்கற மாதிரி தெரிஞ்சா 1098-க்கு உடனே கூப்பிடுங்க, கல்வித்துறை உதவி எண் 14417.

கேள்வி: என் மகளுக்கு ரெண்டு காதுலயும் ஹியரிங் எய்ட். மூணாம் வகுப்புக்கு பக்கத்துல இருக்கற பள்ளில கேட்டா "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்தா அவளுக்குதான் நல்லது"ன்னு பேசிப்பேசியே அனுப்பறாங்க.
- வாசகி, சேலம்

பதில்: நல்லதுக்கு சொல்ற மாதிரி சொல்லி கதவ சாத்தறது இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 படி அரசு நிதி வாங்கற பள்ளி மட்டும் இல்ல, அரசு அங்கீகாரம் வாங்கின பள்ளியும் பாகுபாடு இல்லாம சேத்துக்கணும். சிறப்புப் பள்ளியா பக்கத்து பள்ளியாங்கறத முடிவு பண்ண வேண்டியது நீங்களும் உங்க பொண்ணும். சைகை மொழில படிக்கற பிள்ளைங்களுக்கு நல்ல சிறப்புப் பள்ளி ரொம்ப பெரிய துணை, அத நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா ஹியரிங் எய்டோட பேசிப் பழகின பிள்ளைக்கு சாதாரண வகுப்புல தேவைப்படறது கொஞ்சம்தான்: முன் வரிசைல இடம், கரகரன்னு சத்தம் போடற மின்விசிறிக்கு கீழ உக்கார வைக்காம இருக்கறது, டீச்சர் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டு பேசாம முகம் தெரியற மாதிரி நின்னு பேசறது, வீட்டுப்பாடத்த வாயால சொல்லாம எழுதிப் போடறது. இதுல எதுக்கும் காசு செலவில்ல, எல்லா பிள்ளைக்கும் நல்லதுதான்.

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை, இல்லன்னா எடுத்துடுங்க. வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, அவங்கள பள்ளிக்கு வரச்சொல்லி டீச்சர்கிட்ட பேச வைங்க. பிற்பாடு பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைகள் கிடைக்கும், அதுக்கு சான்றிதழ் இப்பவே சரியா இருக்கறது நல்லது. ஸ்கூல்ல முடியாதுன்னா அத எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் அங்கயே பேச்சு மாறும்.

கேள்வி: நாங்க முஸ்லிம். பொண்ணு படிக்கற ஸ்கூல்ல காலைல ஒரு சாமி ஸ்லோகம் எல்லாரும் சொல்லணும். சொல்லலன்னா தப்பா நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு.
- வாசகி, வேலூர்

பதில்: அரசியல் சாசனம் 28(3) இத நேரடியாவே சொல்லுது, அரசு அங்கீகரிச்ச இல்ல அரசு உதவி வாங்கற பள்ளில படிக்கற பிள்ளைய, பெத்தவங்க சம்மதம் இல்லாம மத வழிபாட்டுல கலந்துக்கணும்னு கட்டாயப்படுத்த முடியாது. கான்வென்ட்ல படிக்கற இந்து பிள்ளைக்கும் இதே சட்டம்தான். கேரளால கோட்டயம் மாவட்டத்துல 1985-ல ஒரு குடும்பத்து பிள்ளைங்க மூணு பேர், யெகோவாவின் சாட்சிகள், தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நிப்பாங்க, பாட மட்டும் மாட்டாங்க, எங்க மத நம்பிக்கை இடம் குடுக்கலன்னு. ஸ்கூல்லேந்து நீக்கிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் 1986 ஆகஸ்ட்ல அவங்கள திரும்ப சேத்துக்கச் சொல்லுச்சு, நம்ம மரபு சகிப்புத்தன்மைய சொல்லித்தருது, அத நீர்த்துப்போக விடாதீங்கன்னு தீர்ப்புலயே எழுதினாங்க. தேசிய கீதத்துக்கே அப்படின்னா ஸ்லோகத்துக்கு என்ன.

பிரின்சிபால்கிட்ட சொல்லுங்க, பொண்ணு வரிசைல மரியாதையா நிப்பா, சொல்ல மட்டும் மாட்டான்னு. அவள தனி ரூம்ல உக்கார வைக்க ஒத்துக்காதீங்க, நிக்கறது எல்லாரோடயும்தான் நிக்கணும்.

கேள்வி: ஆண்டு விழால மாறுவேடப் போட்டி. என் பொண்ணுக்கு குறத்தி வேஷம் போடச் சொல்லிருக்காங்க. போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். அந்த வேஷத்துக்குன்னு கடைல விக்கற பாசிமணி, கூடை, கருப்பு பவுடர், தமிழ ஒடச்சு பேசற வசனம், இதையெல்லாம் பாத்து சபை சிரிக்கறப்போ அதே சமூகத்து பிள்ளை ஒண்ணு கீழ உக்காந்திருந்தா அது எங்க பாக்கும்? குறவர் வேற, நரிக்குறவர் வேற, அது கூட தெரியாம ரெண்டையும் கலந்து கேலி பண்ற வேஷம் அது. குறவன் குறத்தி ஆட்டத்த அரசே 2023-ல நாட்டுப்புறக் கலை பட்டியல்லேந்து எடுத்துடுச்சு. வேற வேஷம் கேளுங்க, காரணத்தையும் டீச்சர்கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா அத இன்னொரு பிள்ளைக்கு போட்டுருவாங்க.

கேள்வி: எங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கு. சாயந்தரம் நாங்க சில பேர் போய் சொல்லித்தர்றோம். ஸ்கூல்ல சேக்கப்போனா பிறப்பு சான்றிதழ், சாதி சான்றிதழ்னு கேட்டு திருப்பி அனுப்பறாங்க. சேந்த பிள்ளையும் திருவிழா சீசன்ல காணாமப் போகுது.
- தன்னார்வலர், விழுப்புரம்

பதில்: நல்ல வேலை பண்றீங்க தம்பி. வயசு சான்று இல்லன்னு எந்த பிள்ளையையும் சேக்காம திருப்பி அனுப்பக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 14-ல தெளிவா இருக்கு. எட்டு வயசு பிள்ளை ஒண்ணாவதுல உக்காந்து கூசிப்போக வேண்டாம், 4-ம் பிரிவு படி வயசுக்கேத்த வகுப்புல சேத்து அதுக்குன்னு தனிப்பயிற்சி குடுக்கணும். சாதி சான்றிதழ் உதவித்தொகைக்கு வேணும், வகுப்புல உக்காரறதுக்கு வேண்டியதில்ல.

அவங்க வீட்ல பேசறது வாக்ரிபோலி, அதனால திருப்பூர் டீச்சருக்கு எழுதினது உங்களுக்கும் பொருந்தும், பெரியவங்க நல்லா தமிழ் பேசறாங்கன்னு சின்னதுங்களுக்கும் தெரியும்னு எடுத்துக்காதீங்க. சீசன்ல காணாமப் போறது பாசிமணி விக்கற பொழப்பு, பழனி, வேளாங்கண்ணின்னு குடும்பமே கெளம்பும், அத குத்தமா பேசினா அடுத்த தடவ சேக்கவே வரமாட்டாங்க. பாட்டிகிட்ட விட்டுட்டு போக முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா உண்டு உறைவிடப் பள்ளி பத்தி சொல்லுங்க, ஆனா ஒரு பிள்ளைய மட்டும் தனியா அனுப்பாதீங்க, அக்கா தங்கச்சியோ சொந்தக்கார பிள்ளையோ கூட இருந்தாதான் நிலைக்கும்.

சான்றிதழ் விஷயத்துல ஒரு மாத்தம் இருக்கு. முன்னாடி அவங்க மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருந்தாங்க, 2023 ஜனவரிலேந்து பழங்குடி பட்டியல்ல. அதனால அண்ணன்கிட்ட இருக்கற பழைய சான்றிதழ காட்டி தம்பிக்கு எதுவும் வாங்க முடியாது, அண்ணனுக்கே புதுசா எடுக்கணும். பழங்குடி சான்றிதழ் குடுக்கறது தாசில்தார் இல்ல, கோட்டாட்சியர். குடியிருப்புல இருக்கற எல்லா பிள்ளைங்க விண்ணப்பத்தையும் ஒண்ணா சேத்து, அவங்க தலைவர கூட்டிக்கிட்டு மனுநீதி நாள்ல போய் குடுங்க, ரசீது வாங்கிட்டு வாங்க. சேர்க்கைய அதுக்காக நிறுத்தி வைக்காதீங்க, அது நாளைக்கு காலைலயே நடக்கட்டும், ஹெட்மாஸ்டர் மறுத்தா வட்டாரக் கல்வி அலுவலருக்கு அன்னிக்கே எழுதிக் குடுங்க.